வெள்ளைக் குதிரை மலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

குதிரையைப் பார்க்கப் போய், அதன் முதுகுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு "குதிரை எங்கே?" என்று தேடிய ஆள் நான். ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு மேல். நாலேகாலுக்கு இருட்டிவிட்டது. திரும்பி வருகிறேன் என்று சொன்ன டாக்சி வரவில்லை. போனில் சிக்னலும் இல்லை. மனைவி அன்று என்னிடம் பேசிய கடைசி வார்த்தை "நல்ல குதிரை".

அதற்கப்புறம் நாலு முறை போய்விட்டேன். இப்போது இங்கிலாந்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் அஃபிங்டன் என்ற சிற்றூருக்கு மேலே உள்ள புல்மலைதான் ஒயிட் ஹார்ஸ் ஹில். உச்சி 261 மீட்டர், அந்த மாவட்டத்திலேயே உயரமான இடம். அதன் சரிவில், தலை முதல் வால் வரை சுமார் 110 மீட்டர் நீளத்துக்கு ஒரு குதிரை. புல்லை வெட்டி, பள்ளம் தோண்டி, உடைத்த சாக் பாறையை (வெள்ளைச் சுண்ணாம்புக் கல்) அதில் இட்டு நிரப்பிய கோடுகளே அதன் உடம்பு. வயது ஏறக்குறைய 3,000 ஆண்டு. வரலாறு இவ்வளவு போதும். எப்படிப் போவது என்று பார்ப்போம்.

1. எந்தக் குதிரை என்று முதலில் உறுதி செய்யுங்கள்

சிரிக்காதீர்கள். "ஒயிட் ஹார்ஸ்" என்று மேப்பில் தட்டினால் முதலில் வருவது பெரும்பாலும் மதுக்கடை. இந்த நாட்டில் அந்தப் பெயரில் எத்தனை பப் இருக்கிறது என்பதற்கு அளவே இல்லை. பப்பைத் தாண்டினால் வேறு குதிரைகள் காத்திருக்கும். பக்கத்து வில்ட்ஷயரில் வெஸ்ட்பரி, செர்ஹில், ஆல்டன் பார்ன்ஸ், ஹாக்பென் என்று மலைக்கு மலை சாக் குதிரை வெட்டி வைத்திருக்கிறார்கள். அவையெல்லாம் சில நூறு ஆண்டுக்கு உட்பட்டவை. பார்க்கவும் சாதாரணக் குதிரை மாதிரியே இருக்கும். அஃபிங்டன் குதிரை அப்படி இல்லை. ஐந்தாறு இழுப்பில் கோலம் போட்டதுபோல் இருக்கும்.

ஆகவே "அஃபிங்டன்" என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். போய் நிற்க வேண்டிய இடம், இந்த மலையைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் உல்ஸ்டன் ஹில் கார் பார்க். கிளம்பும் முன்பே மேப்பை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காகித வரைபடம் பிடிக்கும் என்றால் ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 170 வாங்கலாம்.

2. மாதமும் மணியும்

டிசம்பரில் மாலை நாலு மணிக்கே சூரியன் விழுந்துவிடும். ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரைக்குள் ஒரு நாளைப் பிடியுங்கள்.

எதைப் பார்க்க ஆசை என்பதை வைத்தும் மாதத்தை முடிவு செய்யலாம். ஏப்ரல், மே என்றால் சரிவெங்கும் கௌஸ்லிப் என்ற மஞ்சள் பூ கொத்துக் கொத்தாகத் தொங்கும். வானம்பாடி பாடத் தொடங்கியிருக்கும். ஜூன், ஜூலையில் ஆர்க்கிட். தொட்டியில் வளர்க்கும் பெரிய வகை இல்லை. விரல் உயரத்தில் இளஞ்சிவப்பாகப் புல்லுக்குள்ளேயே நிற்கும், குனிந்துதான் பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வண்ணத்துப்பூச்சி. மார்ச்சில் போனால் அடிவாரத்து வயல்களில் காட்டு முயல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். ஆனால் காற்று எலும்பைத் துளைக்கும்.

மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். நனைந்த சாக் பாறை சோப்பு மாதிரி வழுக்கும்.

3. காரில் போவதானால்: உரிமம், கடன் அட்டை, காப்பீடு

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்த மலைக்குக் கார்தான் வசதி. சொந்தக் கார் இல்லாத புதியவர்கள் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். மாட்டிக்கொள்வது காகிதங்களில்தான்.

முதலில் உரிமம். இந்திய, இலங்கை உரிமத்தை வைத்து இங்கே கார் ஓட்டலாம். ஆனால் நீங்கள் இந்நாட்டில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் மட்டுமே. இடையில் ஊருக்குப் போய்த் திரும்பினால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று பலர் நம்புகிறார்கள். குடியேறியவர்களுக்கு அப்படிக் கிடையாது. 12 மாதம் தாண்டி ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கொள்வார்கள், காப்பீடும் கைகொடுக்காது. எனவே வந்த சில மாதங்களிலேயே ஓட்டுநர் உரிமம் வழங்கும் டிவிஎல்ஏ தளத்தில் 34 பவுண்டு கட்டி புரவிஷனல் (பழகுநர்) உரிமத்துக்கு விண்ணப்பித்து விடுங்கள், தேர்வுகளுக்கு நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். சிங்கப்பூர், துபாய் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு யோகம்: அந்த நாடுகளின் உரிமத்தை, குடியேறிய ஐந்து ஆண்டுக்குள், தேர்வு எழுதாமலே மாற்றிக்கொள்ளலாம். அந்த உரிமத்தை அங்கேயே தேர்வு எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

வாடகைக்கு எடுக்கப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: உரிமத்தின் அசல் அட்டை, பாஸ்போர்ட், முகவரிச் சான்று. பிரிட்டன் உரிமம் வாங்கியவர்கள் டிவிஎல்ஏ தளத்தில் ஒரு சோதனைக் குறியீடு எடுத்துக்கொள்ள வேண்டும், அது 21 நாள் செல்லும். பிறகு கடன் அட்டை. இதில்தான் நான் மாட்டினேன். பல இடங்களில் முன்வைப்புத் தொகையை ஓட்டுநர் பெயரில் உள்ள கடன் அட்டையில் மட்டும்தான் நிறுத்தி வைப்பார்கள். நான் மனைவியின் அட்டையைக் கொண்டுபோனேன். சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, இட்லிப் பாத்திரத்தோடு, கார் இல்லாமல் வீடு திரும்பினோம்.

காப்பீட்டில் "எக்ஸெஸ்" என்ற சொல்லைத் தேடிப் படியுங்கள். கீறல் விழுந்தால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை அது. அதைக் குறைக்கிறேன் என்று கவுண்டரில் விற்பதை அங்கே வாங்காதீர்கள். இரண்டு நாள் முன்பே தனியாக இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் மலிவு. இந்தப் பகுதிச் சாலைகளில் வேலிச் செடி காரை உரசும். அதனால் இதை அலட்சியமாக விடாதீர்கள். வண்டியை எடுத்ததும் நான்கு பக்கமும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வழி: லண்டன் பக்கமிருந்து எம்4 நெடுஞ்சாலை, 14-ஆம் சந்திப்பில் இறங்கி ஏ338-இல் வான்டேஜ், அங்கிருந்து பி4507-இல் மேற்கே. பி4507 மலையின் காலடியை ஒட்டியே வளைந்து வளைந்து போகும். வேக வரம்பு அனுமதிக்கிறதே என்று விரட்ட வேண்டாம். பக்கத்து லாம்போர்ன் பந்தயக் குதிரைகளுக்குப் பெயர்போன ஊர். திருப்பத்தில் திடீரென்று உயிருள்ள குதிரைகள் வரிசையாக வரும். அவற்றைக் கடக்கும்போது அதிகபட்சம் 10 மைல் வேகம், குறைந்தது 2 மீட்டர் இடைவெளி. ஹாரன் அடிக்கவே கூடாது. நம் ஊர்ப் பழக்கத்தில் கை தானாகப் போகும், கட்டுப்படுத்துங்கள்.

4. ரயிலில் போவதானால்

லண்டன் பாடிங்டனிலிருந்து ஸ்விண்டனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், டிட்காட்டுக்கு அதைவிடக் குறைவு. அதுவரை சுகம். கடைசி இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான் சிக்கல். மலைக்கு ரயில் நிலையம் கிடையாது, அஃபிங்டனில் ஒரு காலத்தில் இருந்ததையும் 1964-இல் மூடிவிட்டார்கள்.

செய்யக்கூடியது இது: ஆக்ஸ்ஃபோர்டுக்கும் ஸ்விண்டனுக்கும் நடுவே ஓடும் எஸ்6 பேருந்தில் ஃபாரிங்டன் வரை போய், அங்கிருந்து டாக்சி. அல்லது டிட்காட்டிலிருந்து பேருந்தில் வான்டேஜ், அங்கிருந்து டாக்சி. இங்கிலாந்தில் ஒரு வழிப் பேருந்துக் கட்டணத்துக்கு இப்போது 3 பவுண்டு உச்சவரம்பு உண்டு, மார்ச் 2027 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். டாக்சியை முந்தின நாளே போனில் பேசி, போவதற்கும் வருவதற்கும் சேர்த்து உறுதி செய்யுங்கள். "முடிந்ததும் கூப்பிடுகிறேன்" என்று விட்டுவிடாதீர்கள், மலையில் சிக்னலை நம்ப முடியாது. நேரத்தைச் சொல்லிவிடுங்கள், எத்தனை மணிக்கு, எந்தக் கார் பார்க்கில் என்று. ஞாயிற்றுக்கிழமை பேருந்து குறைவு. சனிக்கிழமை போங்கள்.

டிக்கெட்டில் தள்ளுபடி தரும் ரயில்கார்டு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆண்டுக்கு 35 பவுண்டுக்கு வாங்கும் நெட்வொர்க் ரயில்கார்டு டிட்காட் வரை செல்லும், ஸ்விண்டனுக்குச் செல்லாது. தம்பதியாகப் போகிறவர்கள் டூ டுகெதர் கார்டு வாங்கினால் நாடு முழுக்க மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. ஆனால் இருவரும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும், இருவர் படமும் கார்டில் இருக்கும், வார நாளில் காலை 9.30-க்கு முன் செல்லாது. 5 முதல் 15 வயதுப் பிள்ளை இருந்தால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் கார்டுதான் லாபம்: பெரியவருக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைக்கு 60 சதவீதம் குறையும். கார்டை போனில் வைத்திருந்தால் சார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன் அணைந்துவிட்டால் டிக்கெட் பரிசோதகரிடம் உங்கள் கதை எடுபடாது.

ஸ்விண்டன் பக்கம் போகும் ரயிலில் இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். டிட்காட் தாண்டியதும் தூரத்து மலைச் சரிவைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். சில விநாடி குதிரை தெரியும்.

5. செலவு

மலைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. குதிரை, அதன் பக்கத்திலுள்ள பழைய கோட்டை, கல்லறை எல்லாமே இலவசம். கட்டணம் வண்டி நிறுத்துவதற்கு மட்டும், சில பவுண்டுகள். நேஷனல் டிரஸ்ட் உறுப்பினருக்கு அதுவும் இல்லை. உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு ஒருவருக்கு 100 பவுண்டை ஒட்டி வரும். இந்த ஒரு மலைக்காக அதை வாங்காதீர்கள். கட்டணம் வாங்கும் பெரிய மாளிகைகள் நாலைந்துக்கு ஆண்டில் போவீர்கள் என்றால் யோசிக்கலாம். பார்க்கிங் பணத்தைச் செயலியில் கட்ட வேண்டியிருந்து சிக்னல் இல்லாமல் போகலாம். கொஞ்சம் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் பார்க்கில் கழிப்பறை கிடையாது. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது நினைவில் வையுங்கள். எம்4-இல் 14-க்கும் 15-க்கும் நடுவே இருக்கும் மெம்பரி நிறுத்தத்திலோ, வான்டேஜ் ஊருக்குள்ளேயோ முடித்துக்கொண்டு போங்கள். சாப்பாடும் கையோடு. நாங்கள் புளியோதரை கொண்டுபோகிறோம், காற்றில் ஆறினாலும் கெடாது.

6. முதலில் கீழே நின்று பாருங்கள்

எல்லோரும் தவறுவது இங்கேதான். குதிரை சரிவின் மேல்பகுதியில் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது. பக்கத்தில் போனால் ஒரு கால், ஒரு வளைவு, ஒரு காது, அவ்வளவுதான் கண்ணுக்குச் சிக்கும். முழு உருவம் தெரிய வேண்டுமானால் வடக்கே சமவெளியில் சில கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஃபெர்னம், லாங்காட் ஊர்களை ஒட்டிய பி4508 சாலைப் பக்கம் நல்ல இடங்கள் உண்டு. வளைவில் நிறுத்தாமல், ஒதுங்க இடமுள்ள ஓரமாகப் பார்த்து நிறுத்துங்கள். பைனாகுலர் இருந்தால் உத்தமம்.

அதே வழியில் கிரேட் காக்ஸ்வெல் என்ற ஊரில் எழுநூறு ஆண்டு பழைய தானியக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. உள்ளே மரத் தூண்களைப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கலாம். கீழே குதிரையை முழுசாகப் பார்த்துவிட்டு, அப்புறம் மேலே ஏறுங்கள். அப்போதுதான் காலடியில் ஓடும் வெள்ளைக் கோடு கழுத்தா முதுகா என்று புரியும்.

7. மலை மேல்

கார் பார்க்கிலிருந்து குதிரைக்குப் பதினைந்து, இருபது நிமிட நடை. புல்வெளி ஏற்றம், படிகள் அதிகமில்லை. நடக்க முடியாதவர்களுக்கு இன்னும் மேலே ஒரு சிறு நிறுத்தம் உண்டு. அதற்கு ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை) வேண்டும்.

குதிரையின் மேல் கால் வைக்காதீர்கள். கண்ணின் மேல் நின்று மூன்று முறை சுற்றி வேண்டிக்கொண்டால் பலிக்கும் என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு, யாராவது உங்களுக்கும் சொல்வார்கள். அப்படி மிதித்து மிதித்துத்தான் சாக் தேய்கிறது. ஓரமாக நின்றே வேண்டிக்கொள்ளலாம். ட்ரோன் பறக்கவிட நேஷனல் டிரஸ்டின் அனுமதி வேண்டும், சும்மா எடுத்துப் போகாதீர்கள். செம்மறி மேயும் இடம் என்பதால் நீங்கள் திறந்த கதவை மூடிவிட்டுப் போங்கள். நாய் இருந்தால் கயிற்றில். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை கயிறு 2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

இந்த நாய் விதிக்குக் காரணம் வானம்பாடி. அது தரையில், புல்லுக்குள் கூடு கட்டும். பாட்டு மட்டும் நேராக வானத்திலிருந்து கொட்டும். சத்தம் வரும் திசையில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. இன்னும் மேலே, இன்னும் மேலே பார்த்தால் ஒரு புள்ளி. வானம்பாடி என்ற சொல்லைப் பாட்டுப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த எனக்கு அது நிஜப் பறவையாகக் கிடைத்தது இந்த மலையில்தான்.

தலைக்கு மேல் வட்டமிடும் பெரிய பறவை, வால் இரண்டாகப் பிளந்திருந்தால் ரெட் கைட். நம் ஊர்ச் செம்பருந்து என்று நினைத்துவிடாதீர்கள், அதன் வால் பிளந்திருக்காது. ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நின்றால் அது கெஸ்ட்ரல் என்ற வல்லூறு இனம், கீழே எலியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மண் இங்கே மெல்லிய படலம்தான், அடியில் முழுக்கச் சாக். செம்மறிகள் புல்லைக் கட்டையாக மேய்ந்து வைப்பதால் சின்னச் செடிகளுக்கு வெயில் கிடைக்கிறது. தைம் செடியை மிதித்துவிட்டால் வாசனையே காட்டிக்கொடுக்கும். ஹார்ஸ்ஷூ வெட்ச் என்று ஒரு மஞ்சள் பூச்செடி, அதன் காய் லாடம் லாடமாகக் கோத்ததுபோல் இருக்கும். சாக்ஹில் ப்ளூ என்ற நீல வண்ணத்துப்பூச்சியின் புழு தின்பது அந்தச் செடியைத்தான்.

உட்காரும் முன் உண்ணியை நினைத்துக்கொள்ளுங்கள். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, தலைமுடி ஓரமெல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி சிவப்பு வட்டம் பரவினால் உங்கள் குடும்ப மருத்துவரிடம் (ஜிபி) சொல்லுங்கள், லைம் நோயாக இருக்கலாம். குடை எடுத்துப் போகாதீர்கள். காற்று அதை ஐந்து நிமிடத்தில் முறித்துவிடும்.

குதிரைக்கு மேலே உள்ள பெரிய மண் வளையம்தான் அஃபிங்டன் காசல். கோட்டை என்றதும் மதில், கோபுரம் தேடாதீர்கள். இரும்புக் காலத்து மண்கரையும் அகழியும், அவ்வளவுதான். கீழே தட்டையான தலையோடு ஒரு சிறு குன்று தெரியும், அது டிராகன் ஹில். செயின்ட் ஜார்ஜ் அங்கேதான் டிராகனைக் கொன்றார் என்றும், இரத்தம் சிந்திய இடத்தில் புல் முளைப்பதில்லை என்றும் கதை. உச்சியில் வெள்ளைத் திட்டு இருப்பது நிஜம். அதற்குப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு மேஞ்சர், அதாவது தீவனத் தொட்டி என்று பெயர்.

8. தெம்பு இருந்தால் வேலண்ட்ஸ் ஸ்மிதி

கோட்டைக்குத் தெற்கே ரிட்ஜ்வே என்ற பாதை போகிறது. மொத்தம் 139 கிலோமீட்டர். உங்களுக்கு வேண்டியது மேற்கே 2 கிலோமீட்டர். பீச் மரங்களுக்கு நடுவே ஆளுயரத்தை மிஞ்சிய கற்கள் நிற்கும். ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய கல்லறை. குதிரையையும் ஒரு காசையும் இங்கே விட்டுவிட்டுப் போனால், கண்ணுக்குத் தெரியாத கொல்லன் லாடம் அடித்து வைப்பான் என்பது ஊர்க்கதை. போய்வர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். பாதை ஓரம் காஞ்சொறி உண்டு, அரைக்கால்சட்டை வேண்டாம். குழந்தை வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் சிரமப்படும், முதுகில் சுமக்கும் பை நல்லது.

9. சாக் இடிக்கும் நாள்

கவனிக்காமல் விட்டால் புல் மூடிக் குதிரை மறைந்துவிடும். அதனால் கோடையில் நேஷனல் டிரஸ்ட் பொதுமக்களைக் கூப்பிட்டு, புதுச் சாக்கைக் கொட்டி, சுத்தியலால் இடித்துக் கெட்டிக்க வைக்கிறது. நீங்களும் போகலாம். முன்பதிவு தேவை, தேதி ஆண்டுக்காண்டு மாறும். மே மாதத்திலிருந்தே அவர்கள் தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிவு உறுதிசெய்த மின்னஞ்சலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய்த் திறந்தால் திறக்காது.

மண்டியிட்டு இடிக்க வேண்டும். முட்டிக்குக் கீழே போட ஒரு பழைய தலையணை, கையுறை, தொப்பி, தண்ணீர் எடுத்துப் போங்கள். வெயிலில் வெள்ளைச் சாக் கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி வேண்டும். நல்ல உடுப்பு போடாதீர்கள். வாடகைக் கார் என்றால் இருக்கையில் விரிக்க ஒரு பெட்ஷீட்டும் கொண்டுபோங்கள், திரும்பக் கொடுக்கும்போது அந்த வெள்ளைத் தூளுக்குத் தனியாகக் கழுவும் கட்டணம் போட்டுவிடுவார்கள்.